குதிரையின் குதிகால் எங்கே?

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கும் பாண்டோமைம் நாடகங்களில் ஒரு குதிரையோ பசுவோ தலைகாட்டுவது பழைய வழக்கம். துணியில் தைத்த தோலுக்குள் இரண்டு பேர் இருப்பார்கள். முன்னவர் தலையையும் முன்னங்கால்களையும் கவனித்துக்கொள்வார். பின்னவர் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் எதிரே இருக்கும் முதுகைப் பார்த்தபடியே தன் நடிப்புத் தொழிலை நடத்துவார். அந்தக் குதிரை நான்கு எட்டு வைப்பதற்குள் அரங்கம் சிரித்துவிடும். வசனம் வேண்டாம், சேட்டை வேண்டாம், நடந்தாலே போதும்.

சிரிப்புக்குக் காரணம் பின்னங்காலில் இருக்கிறது. குதிரையின் பின்னங்கால் நடுவே பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டைப் பலரும் முழங்கால் என்றே நினைக்கிறார்கள். அது கணுக்கால். துருத்திக்கொண்டிருப்பது குதிகால். உண்மையான முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டினாற்போல் இருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்பக்கம்தான் பார்த்து நிற்கிறது. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில், அதன் நகத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. அந்த நகத்துக்குத்தான் குளம்பு என்று பெயர். நாய், பூனை, சிங்கம் எல்லாம் விரல்களை ஊன்றி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடப்பவை. உள்ளங்கால் முழுவதையும் தரையில் பதித்து நடக்கும் சிறு கூட்டத்தில் நாமும் கரடியும் சேர்த்தி.

ஆக, துணித்தோலுக்குள் நிற்கும் ஆளின் கால் முன்பக்கம் மடிந்து துருத்தும் இடத்தில் குதிரைக்குப் பின்பக்கம் துருத்த வேண்டும். பார்ப்பவர் உடற்கூறு படித்திருக்க வேண்டியதில்லை. அவர் கண்ணுக்கு இது தெரிந்துவிடுகிறது.

இசைநாடக மேடைக்கு விலங்கைக் கொண்டுவர நினைக்கும் ஒவ்வொரு வடிவமைப்பாளரும் இந்தக் குதிகாலோடு மல்லுக்கட்டியாக வேண்டும். அதைச் சிரிப்பாகவே விட்டுவிடலாம். ரோமத்தால் மூடி மறைக்கப் பார்க்கலாம். மனிதக் காலுக்கு வெளியே தனியாக ஒரு விலங்குக் காலைக் கட்டலாம். கால் என்ற பேச்சையே விட்டுவிடவும் செய்யலாம். கடந்த 45 ஆண்டுகளில் லண்டனிலும் நியூயார்க்கிலும் இவை அனைத்தும் செய்து பார்க்கப்பட்டிருக்கின்றன. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதற்கான விடை, தையல் அறையில் பாதி இருக்கிறது; பார்ப்பவரின் மூளையில் மீதி இருக்கிறது.

மூளையிலிருந்தே தொடங்கலாம். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகள். மற்றபடி எல்லாம் கும்மிருட்டு. அவர் அசையாமல் இருக்கும்போது, பார்ப்பவர்களுக்குத் தெரிவது சிதறிய பத்துப் பன்னிரண்டு பொட்டுகள். அவர் ஓர் எட்டு எடுத்து வைத்ததும், "யாரோ நடக்கிறார்கள்" என்று தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதுமானதாக இருந்தது. முகம் கிடையாது, தோல் கிடையாது, உருவக்கோடுகூடக் கிடையாது. மூட்டுகளின் அசைவிலிருந்தே மூளை ஓர் ஆளை உருவாக்கிக்கொள்கிறது.

இதில் கால்களுக்குத் தனி மரியாதை உண்டு. கனடாவில் நிகோலாஸ் ட்ரோயே தன் கூட்டாளியோடு 2006இல் வெளியிட்ட ஆய்வில் மனிதன், பூனை, புறா ஆகியவற்றின் ஒளிப்புள்ளிகளை இடம்மாற்றிக் குலைத்துப்போட்டுக் காட்டினார். உருவம் முற்றிலும் சிதைந்த பிறகும், அது எந்தப் பக்கம் நடக்கிறது என்று மக்களால் சொல்ல முடிந்தது. படத்தைத் தலைகீழாக்கியபோது அந்தத் திறன் போய்விட்டது. பாதங்களின் புள்ளிகளே இதற்கு முக்கியமான துப்பு என்று கண்டார்கள்: தூக்கியபின் புவியீர்ப்பில் விழுந்து, தரையில் பட்டு நிற்கும் அந்த அசைவு. இத்தாலியில் ஜார்ஜியோ வலோர்த்திகாராவின் குழு இன்னும் ஒரு படி போனது. இருட்டில் பொரித்து, எதையுமே பார்த்திராத கோழிக்குஞ்சுகளுக்கு இத்தகைய புள்ளிப்படங்களைக் காட்டினார்கள். தாறுமாறான அசைவை விட்டுவிட்டு, உயிருள்ள நடையின் பக்கம் குஞ்சுகள் போயின. அந்த நடை கோழியுடையதாக இருந்தாலும் சரி, பூனையுடையதாக இருந்தாலும் சரி, அவற்றுக்கு வேறுபாடில்லை. பூனையைத் தேடிப் போகும் கோழிக்குஞ்சு, உலக ஞானத்தில் சற்றுப் பின்தங்கியதுதான். ஆனால் உயிரைக் கண்டுபிடிக்கும் கருவி அதற்குப் பிறவியிலேயே வந்திருக்கிறது.

வடிவமைப்பாளருக்கு இதில் நல்ல செய்தியும் இருக்கிறது, கெட்ட செய்தியும் இருக்கிறது. மூட்டுகளின் அசைவைச் சரியாகக் கொடுத்தால் மீதி உடம்பைப் பார்வையாளரே கட்டிக்கொள்வார் என்பது நல்ல செய்தி. அசைவு தப்பானால் எவ்வளவு ரோமம் ஒட்டியும் பயனில்லை என்பது கெட்ட செய்தி. தப்பவிடுவதோ மிக எளிது. நடக்கும் குதிரை முதலில் இடது பின்னங்கால், அடுத்து இடது முன்னங்கால், பிறகு வலது பின், வலது முன் என்ற வரிசையில் கால் வைக்கிறது. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் தலைமையில் 2009இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அருங்காட்சியகப் பாடம்செய்த விலங்குகள், உடற்கூற்று நூல்கள், பொம்மைகள் என்று தேடிப் பார்த்ததில், நாற்கால் நடையைக் காட்டும் உருவங்களில் பாதிக்கு நெருக்கமானவை தவறாக இருந்தன. குதிரையின் பாய்ச்சலைப் புகைப்படக் கலைஞர் மைப்ரிட்ஜ் 1878இலேயே வரிசையாகப் படம்பிடித்துக் காட்டி நூறாண்டுக்கும் மேலாகியும் இந்த நிலை. நிற்கிற உருவத்தில் பிழை இருந்தால் யாரும் பார்ப்பதில்லை. மேடையில் அது நடந்தாக வேண்டுமே!

கேப் டவுனில் ஆட்ரியன் கோலரும் பேசில் ஜோன்ஸும் 1981இல் தோற்றுவித்த ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக்குழு, மனிதக் காலுக்கு வெளியே விலங்குக் காலைக் கட்டும் வழியைத் தேர்ந்தது. 1827இல் எகிப்திலிருந்து பிரான்சு மன்னருக்குப் பரிசாகப் போன ஒட்டகச்சிவிங்கியின் கதையை, மாலி நாட்டின் சொகோலோன் குழுவோடு சேர்ந்து அவர்கள் மேடையேற்றினார்கள். அதில் வந்த ஒட்டகச்சிவிங்கிக்குள் இருவர் கட்டைக்காலில் நின்று நடந்தார்கள். அதைப் பார்த்துத்தான் லண்டன் தேசிய நாடக அரங்கம் அவர்களிடம் ஒரு குதிரை கேட்டது. 2007 அக்டோபரில் ‘வார் ஹார்ஸ்’ மேடையேறியது. கறாராகச் சொன்னால் அது இசைநாடகம் இல்லை, பாட்டுகள் உள்ள நாடகம். ஆனாலும் மேடை விலங்குகளைப் பற்றிய எந்தப் பேச்சும் ஜோயி என்ற அந்தக் குதிரையைத் தாண்டிப் போக முடியாது.

ஜோயியின் உடம்பு பிரம்பு. வளைத்துக் கட்டிய பிரம்புகளுக்கு இடையே மெல்லிய துணி, முதுகெலும்பாக அலுமினியம், மூட்டுகளுக்கு விமானங்களில் பயன்படும் கேபிள், ஆங்காங்கே தோல். மேலே ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும். ஆட்டுபவர்கள் மூவர்: தலைக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், பின்பகுதிக்கு ஒருவர். தலையைப் பிடித்திருப்பவர் குதிரைக்கு வெளியே, அதன் கழுத்தருகில் நிற்கிறார். மற்ற இருவரும் பிரம்புக்கூட்டுக்குள். அவர்களுடைய சொந்தக் கால்கள் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கின்றன. குதிரையின் கால்களோ அவர்களின் கையில் இருக்கின்றன. கைப்பிடியிலுள்ள நெம்புகோல்கள் காலைத் தூக்குகின்றன, மடக்குகின்றன. கால் தரையை விட்டுக் கிளம்பும்போது குளம்பு பின்பக்கம் சுருண்டு, ஊன்றப் போகும் நேரத்தில் மறுபடி விரிகிறது. ட்ரோயேவின் ஆய்வில் புள்ளிகளாகத் தெரிந்த அதே பாத அசைவை, ஆய்வு எதையும் புரட்டாமல், பட்டறையில் கேபிளால் செய்து வைத்திருந்தார்கள். குதிகாலும் தனக்குரிய இடத்தில், பின்பக்கம் துருத்திக்கொண்டு, கச்சிதமாக இருந்தது.

ஆனால் குதிரை நிற்கும்போது என்ன செய்வது? பெரும்பாலான காட்சிகளில் அது சும்மா நின்றுகொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். அசையாத பாவை அந்தக் கணமே மரச்சாமான் ஆகிவிடும். ஹேண்ட்ஸ்பிரிங் கண்ட விடை மூச்சு. நெஞ்சுப் பகுதிக்குள் இருப்பவர் தன் முழங்காலை மெல்ல மடக்கி நீட்ட, குதிரையின் மார்பு ஏறி இறங்குகிறது. ஓய்வில் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறைதான் மூச்சு விடும். ஆடி ஓடிக் களைத்த மனிதனின் மூச்சோ இதைவிடப் பல மடங்கு வேகமானது. உள்ளே இருப்பவர் தான் இரைத்துக்கொண்டிருந்தாலும் குதிரையை நிதானமாக மூச்சுவிடச் செய்ய வேண்டும். கனைப்பிலும் இதே சிக்கல். ஒருவர் நுரையீரலில் அவ்வளவு காற்று இல்லை. எனவே மூவரும் சேர்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடுத்து, ஒரே கனைப்பாகக் கொடுக்கிறார்கள்.

காதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோயியின் முகத்தில் உதடோ புருவமோ அசைவதில்லை. காதுகள் மட்டும் தனித்தனியே திரும்பும். இது சிக்கனத்துக்காகச் செய்ததுபோல் தோன்றலாம். ஆனால் 2014இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் வாதனும் காரன் மெக்கோம்பும் வெளியிட்ட சோதனை, அந்தப் பட்டறையின் கண் எவ்வளவு துல்லியமானது என்று காட்டுகிறது. தீவன வாளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் குதிரையின் புகைப்படத்தை வேறு குதிரைகளுக்குக் காட்டினார்கள். முகம் முழுதும் தெரிந்தபோது அவை சரியான வாளியைத் தேடிப் போயின. கண்களை மறைத்தபோது தடுமாறின. காதுகளை மறைத்தபோதும் தடுமாறின. அதாவது, குதிரையின் கவனம் எங்கே என்று குதிரைகளே காதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன.

மூன்று பேர் முழுசாகத் தெரிகிறார்களே, அது எப்படி உறுத்தாமல் போகிறது? ஜப்பானின் புன்ராகு பாவைக்கூத்து இதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டது. அங்கும் ஒரு பாவைக்கு மூவர்: தலைக்கும் வலக்கைக்கும் முதன்மைக் கலைஞர், இடக்கைக்கு ஒருவர், கால்களுக்கு ஒருவர். உதவியாளர்கள் கறுப்பு முக்காட்டில். முதன்மைக் கலைஞர் பல நேரங்களில் முகம் தெரியவே நிற்பார். ஆனால் அவர் பார்வை பாவையை விட்டு நகராது. இன்னொருவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நம் கண்ணும் தானாகப் போகும்; இது மனிதருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும் பழக்கம். ஆட்டுபவர் மூவரும் குதிரையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆயிரம் பேரும் அங்கேதான் பார்ப்பார்கள். ஒருவர் தப்பித்தவறி அரங்கை நிமிர்ந்து பார்த்தால் போதும், சட்டென்று அவர் தெரிந்துவிடுவார்.

இயக்குநர் ஜூலி டேமர் போனது நேர் எதிரான வழி. மனிதரை மறைக்கவும் வேண்டாம், மறக்கடிக்கவும் வேண்டாம், இரண்டையும் சேர்த்தே பார்க்கட்டும் என்றார் அவர். பள்ளிப் பருவத்திலேயே இலங்கையையும் இந்தியாவையும் பார்த்துவிட்டு வந்தவர். பாரிஸில் ஜாக் லெகோக்கிடம் உடல்மொழி நடிப்புப் பயின்றவர். 1970களில் இந்தோனேசியாவில் தங்கி நாடகக் குழு நடத்தியவர். டிஸ்னியின் கார்ட்டூன் படமான ‘தி லயன் கிங்’கை மேடைக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, ரோமச்சட்டை போட்ட சிங்கங்களை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1997 ஜூலையில் மினியாபொலிஸில் முதல் அரங்கேற்றம், நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வே. மறு ஆண்டு டோனி விருதுகளில் ஆறு அந்த நாடகத்துக்குப் போயின. இயக்கத்துக்கும் உடை வடிவமைப்புக்கும் டேமரே பெற்றுக்கொண்டார்; இசைநாடக இயக்கத்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். முகமூடிகளையும் பாவைகளையும் மைக்கேல் கரி என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து உருவாக்கியிருந்தார்.

அதில் வரும் சிவிங்கிப்புலியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு நடனக் கலைஞர் நிமிர்ந்தே நிற்கிறார். விலங்கின் உடல் அவர் இடுப்பிலிருந்து முன்பக்கம் நீள்கிறது. பின்னங்கால்கள் அவருடைய சொந்தக் கால்கள். முன்னங்கால்களை இரு கைகளாலும் இயக்குகிறார். விலங்கின் தலை மெல்லிய இழையால் அவர் தலையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அவர் திரும்பினால் அதுவும் திரும்பும், அவர் தலை குனிந்தால் அதுவும் குனியும். முகபாவம் மேலே மனித முகத்தில், நடை கீழே விலங்கின் உடம்பில். தஞ்சை வட்டாரத்தில் பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விளக்காமலே புரியும்: ராஜாவும் தெரிவார், குதிரையும் தெரியும், இரண்டுக்கும் கால் ஒரே ஆளுடையது என்பதும் தெரியும், யாரும் கேள்வி கேட்பதில்லை.

சிங்கங்களின் முகமூடி முகத்தில் இல்லை. நடிகரின் தலைக்கு மேலே அமர்ந்திருக்கிறது. முஃபாசா, ஸ்கார் என்ற இரு சிங்கங்களுக்கும் இயந்திர இணைப்பு உண்டு. நடிகர் முன்னால் குனிந்து பாயும்போது முகமூடி அவர் முகத்துக்கு முன்னே இறங்கி வருகிறது. பூனைக்குடும்பத்தின் பாய்ச்சலில் தலை தோள்களுக்கு முன்னே போவது முக்கியம். நிமிர்ந்த முதுகுள்ள மனிதக் கழுத்தால் அது ஆகாது, இந்த இணைப்பால் ஆகிறது. எடைகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். முஃபாசாவின் முகமூடி 11 அவுன்ஸ், ஏறக்குறைய 310 கிராம். ஸ்காருடையது அதைவிடக் குறைவு. அரசி சராபியுடையது 4 அவுன்ஸ்தான். பார்வைக்கு மரத்தில் செதுக்கியதுபோல் இருக்கும். உள்ளே கார்பன் இழை. எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் அந்தப் பொருளுக்கு.

கிராம் கணக்கில் இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு? கழுத்து மூட்டைத் தராசின் முள்ளாக வைத்துக்கொள்வோம். மனிதத் தலை சுமார் 5 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் கழுத்து மூட்டுக்கு 4 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாக வைத்தால், கழுத்துத் தசைகள் எப்போதும் அந்தச் சுமையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. இப்போது 1 கிலோ எடையுள்ள முகமூடியை 20 சென்டிமீட்டர் முன்னால் நீட்டுங்கள். ஐந்தை நான்கால் பெருக்கினாலும் இருபது, ஒன்றை இருபதால் பெருக்கினாலும் இருபது. கழுத்தின் வேலை இரட்டிப்பாகிவிட்டது. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ஒவ்வொன்றிலும் ஆட வேண்டும், பாட வேண்டும். ஆகவே கனமான பாவைகளைத் தலையில் வைக்காமல் தோளிலும் இடுப்பிலும் ஏற்றுகிறார்கள். பும்பா என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றியின் உடை 45 பவுண்டு, அதாவது 20 கிலோவைத் தாண்டும்; அந்த நாடகத்தின் மிகக் கனமான உடை அதுதான்.

தொடக்கக் காட்சியில் வரும் ஒட்டகச்சிவிங்கிகள் 14 அடி உயரம். உள்ளிருக்கும் நடிகர் ஆறடி ஏணியில் ஏறித்தான் அதை மாட்டிக்கொள்ள முடியும். இரு கால்களிலும் இரு கைகளிலுமாக நான்கு கட்டைக்கால்கள்; தலைக்கு மேல் கழுத்து நீண்டு போகிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும் இயற்பியல் சாதகமாகவே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கட்டையை மட்டும் தூக்கினால் மற்ற மூன்றும் தரையில் ஒரு முக்கோணம் போடுகின்றன. ஈர்ப்பு மையம் அதற்குள் இருக்கும்வரை விழ வழியில்லை. இதனால் நடை மெதுவாகிறது. நல்லதாகப் போயிற்று, நீண்ட கால் மெதுவாகத்தான் வீச வேண்டும். ஊசலின் நீளம் நான்கு மடங்கானால் ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் இரு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். கால்களும் ஓரளவுக்கு ஊசல்கள்தான். உருவத்தைப் பெரிதாக்கிவிட்டு அசைவைப் பழைய வேகத்திலேயே விட்டால், யானை பொம்மையாகத்தான் தெரியும்.

இந்த நாடகத்தின் யானைக்கு பெர்த்தா என்று செல்லப்பெயர். நீளம் 13 அடி, உயரம் 11 அடிக்குச் சற்று மேல். காலுக்கு ஒருவராக நான்கு பேர். மனிதக் காலைவிட யானையின் கால் இரண்டு மடங்குக்கும் மேல் நீளம் என்று கொண்டால், அவர்கள் தங்கள் இயல்பு வேகத்தைவிட ஒன்றரை மடங்கு நிதானமாகக் கால் எடுத்து வைக்க வேண்டும். நான்கு பேருக்கும் ஒரே தாளம் வேண்டும். யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விடுவதில்லை; தாய்லாந்து யானைகளை அளந்து ஜான் ஹட்சின்சன் குழு 2003இல் இதைக் காட்டியது. மேடை யானைக்கு இதைவிட வசதியான விதி வேறென்ன வேண்டும்? அதே நாடகத்தின் மிகச் சிறிய பிராணி, ஸ்காரின் கைத்தடி நுனியில் இருக்கும் எலி. 5 அங்குலம்.

டேமரின் வழிக்கு 16 ஆண்டு முன்னரே லண்டனில் இன்னொரு விடை கிடைத்திருந்தது. 1981 மே மாதம் தொடங்கிய ‘கேட்ஸ்’ இசைநாடகத்தின் வடிவமைப்பாளர் ஜான் நேப்பியர் பாவையே வைக்கவில்லை. உடம்போடு ஒட்டிய நெகிழ்துணி உடையில் கையால் கோடும் பொட்டும் தீட்டினார், காலுக்குக் கம்பளி உறை, தலைக்குக் கவரிமாட்டு முடியில் செய்த டோப்பா, முகத்தில் ஒப்பனை. அரங்கப் பொருட்களையோ பூனையின் அளவுக்கு ஏற்பப் பெரிதாக்கினார்: குப்பைமேட்டில் கிடக்கும் டப்பாவும் செருப்பும் ராட்சத அளவில். மனிதரைப் பூனையாகச் சுருக்க முடியாது என்பதால் உலகத்தை ஊத வைத்தார். பூனையாக்கும் வேலையை ஜிலியன் லின்னின் நடன அமைப்பு பார்த்துக்கொண்டது.

நேப்பியர் ரோமச்சட்டை தைக்காததற்கு அழகியல் காரணம் இருக்கலாம். உடலியல் காரணம் அதைவிட வலுவானது. தசை செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதி வெப்பமாகிறது. வேகமாக ஆடும் ஒருவர் 400 வாட் வெப்பம் விடுவதாகக் கொண்டால், பத்து நிமிடத்தில் 2,40,000 ஜூல். அது வெளியேற வழியே இல்லாவிட்டால் 70 கிலோ உடம்பின் வெப்பநிலை சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். அரைமணி ஆட்டத்தில் கடும் காய்ச்சல் நிலை. இந்த வெப்பத்தை விரட்டும் முக்கிய வழி வியர்வை ஆவியாவது; தடித்த ரோமமும் நுரைப்பஞ்சும் அதைத்தான் அடைக்கின்றன. பிராட்வேயில் ‘கேட்ஸ்’ 1982 முதல் 2000 வரை ஓடியது. ரோமச்சட்டையில் அந்த ஆட்டத்தைப் பதினெட்டு நாள் ஓட்டியிருந்தாலே பெரிய விஷயம்.

அதே நாடகம் 2019இல் திரைப்படமானபோது கணினி உதவியால் நடிகர்களின் தோல்மேல் துல்லியமான ரோமம் முளைக்க வைத்தார்கள். வெப்பப் பிரச்சினை இல்லை, கழுத்து வலி இல்லை, காதும் வாலும் தத்ரூபம். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே இதற்கு ஒரு வரைபடம் போட்டுக் காட்டியிருந்தார்: உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், ஏறக்குறைய நெருங்கிய இடத்தில் திடீரென்று அருவருப்பாக மாறும், முழுதும் நெருங்கினால் மறுபடி பிடிக்கும். அந்தப் பள்ளத்தின் அடியில் செயற்கைக் கையை வைத்தார். பள்ளத்தைத் தாண்டி மறுகரையில் அவர் வைத்தவற்றுள் ஒன்று புன்ராகு பாவை. நேப்பியரின் தீட்டிய கோடுகள் தாங்கள் ரோமம் என்று நடிக்கவில்லை. படத்தின் ரோமம் நடித்தது. அது ஒரு பிழை, பணம் கொட்டிச் செய்த பிழை.

தத்ரூபத்துக்கு நடிகரின் உடம்பும் விலை கொடுக்கிறது. 2018இல் பிராட்வேக்கு வந்த ‘ஃப்ரோசன்’ இசைநாடகத்தில் ஸ்வென் என்ற ரெய்ண்டீர் மான், மைக்கேல் கரியின் வடிவமைப்பு. உள்ளே ஒரே ஆள். கைகளுக்குக் கட்டைக்கால் மாட்டி, கால்களில் முன்விரல்களை மட்டும் ஊன்றி, நான்கு காலில் நிற்கிறார். விரல் நுனியில் நிற்பதால் அவருடைய சொந்தக் குதிகாலே மானின் குதிகாலாகிவிடுகிறது. துணித்தோல் குதிரையின் பழைய சிக்கலுக்கு இவ்வளவு நேர்த்தியான விடையை வேறு யாரும் தரவில்லை. ஆனால் அந்த நிலையில் தோளும் அடிவயிறும் முன்பாதமும் படும் பாடு தாங்காமல், இரு நடிகர்கள் காட்சிகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வியக்கலாம், ஒவ்வொரு நாடகத்துக்கும் இதுவே வழி என்று சொல்லிவிட முடியாது.

அதே ஆண்டு அதே ஊரில் ‘கிங் காங்’ வந்தது. 2013இல் மெல்பர்னில் பிறந்த பாவை அது; சோனி டில்டர்ஸ் தலைமையில் கிரியேச்சர் டெக்னாலஜி நிறுவனம் செய்தது. உயரம் 20 அடி, எடை ஏறக்குறைய 900 கிலோ. முகத்தை இயக்க மேடைக்கு அப்பால் மூவர். மோட்டாரும் ஹைட்ராலிக்கும் இவ்வளவு இருந்தும், கைகால்களை இழுத்தது மேடையில் கறுப்புடையில் நின்ற பத்துப் பேர். அவர்கள் கயிற்றில் தொங்கி, குதித்து, தங்கள் உடல் எடையையே கொடுத்து இழுத்தார்கள். அந்தக் குரங்கின் கை விழும்போது கனம் தெரிந்ததற்கு அதுதான் காரணம். கனமான ஒன்று நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தது.

இதற்கு மறுமுனையில் ஒரு பசு. ‘இன்டு தி வுட்ஸ்’ நாடகம் 1987இல் வந்தபோது அதன் மில்க்கி ஒயிட் பசு தூக்கி வைத்து எடுக்கும் மேடைப் பொருள், அவ்வளவுதான். 2022இல் மறுபடி மேடையேறியபோது ஜேம்ஸ் ஒர்டிஸ் அதை எலும்பும் தோலுமான பாவையாகச் செய்தார். கென்னடி கனகாவா என்ற ஒற்றைக் கலைஞர் அதைக் கையில் தூக்கிக்கொண்டே ஆட்டினார். தலை சாய்வது, மூச்சு, கால் தொங்கும் விதம், கூடவே கலைஞரின் முகம். வசனமே இல்லாத அந்தப் பசு பார்வையாளர்களின் செல்லமாகிவிட்டது. 900 கிலோ குரங்குக்குக் கிடைத்ததைவிடக் குறைவான கைதட்டல் அதற்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு புலி. யான் மார்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவல் புதுச்சேரி விலங்குக்காட்சியில் தொடங்குகிறது. லோலிதா சக்கரவர்த்தி அதை நாடகமாக்க, 2019இல் ஷெஃபீல்டில் அரங்கேறி, 2021இல் லண்டன் வெஸ்ட் எண்டுக்கு வந்தது. இதுவும் இசைநாடகம் இல்லை. ஜோயியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாவைகளைச் செய்த நிக் பார்ன்ஸ், ஃபின் கால்ட்வெல் இருவரில் கால்ட்வெல் ‘வார் ஹார்ஸ்’ மேடையில் பணியாற்றியவர். ரிச்சர்ட் பார்க்கர் என்ற வங்கப்புலியை ஒரு நேரத்தில் மூவர் ஆட்டுகிறார்கள். தலை, நெஞ்சு, பின்பகுதி என்ற அதே பங்கீடுதான். குனிந்தே செய்யும் வேலை என்பதால் முதுகு தாங்க வேண்டும். மாற்றி மாற்றி ஆட மொத்தம் ஏழு பேர்.

2022 ஏப்ரலில் ஆலிவியர் விருதுகள் அறிவிக்கப்பட்டன. அந்த ஏழு பேருக்கும் சேர்த்துச் சிறந்த துணை நடிகர் விருது போயிற்று. ஒரு விலங்கை ஆட்டியவர்களை நடிகர் என்றே கணக்கில் எடுத்திருந்தார்கள். பார்ன்ஸும் கால்ட்வெல்லும் அந்த நாடகத்தின் அரங்க வடிவமைப்பாளர் டிம் ஹாட்லியோடு சேர்ந்து வேறொரு விருது வாங்கினார்கள். அந்தப் பிரிவு, அரங்க வடிவமைப்பு. ஒரே இரவில், ஒரே புலி, ஒரு முறை நடிகராகவும் ஒரு முறை மேடைச் சாமானாகவும் பரிசு பெற்றது.